டாஃபேயாவின் இரண்டாவது ஏ

டாஃபேயா மாகாணத்துக்குப் பெயர் வைத்த புண்ணியவான்கள் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஐந்து தீவு, ஐந்து ஆங்கில முதலெழுத்து, வரிசையாக ஒட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தன்னாவுக்கு டி, ஃபுத்துனாவுக்கு எஃப், எரோமாங்கோவுக்கு ஈ. இதிலெல்லாம் வில்லங்கம் இல்லை. மீதி இருப்பது இரண்டு ஏ. அனிவாவும் ஏ, அனெய்ட்டியமும் ஏ. டி-க்கு அடுத்தாற்போல் நிற்கும் முதல் ஏ யாருடையது, வால் மாதிரி கடைசியில் நிற்கும் ஏ யாருடையது? இந்தக் கேள்வியைத் தன்னாவின் லெனாக்கல் கடைத்தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். மகாவிடம் மட்டும் கேட்கக் கூடாது.

மகாவ் அனிவாக்காரன். பெயர்ப்பலகை எழுதுவது தொழில். படகுக்குப் பெயர், தேவாலயத்துக்கு வசனம், கல்லறைச் சிலுவைக்குத் தேதி, சரக்கு வண்டியின் பின்பக்கத்துக்கு ஒரு சேவல். தன்னாவில் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சாயங்காலம் ஆலமரத்தடியில் கவா வேரைப் பிழிந்து குடிக்க ஆட்கள் கூடும்போது யாராவது வேண்டுமென்றே வாயைக் கிண்டுவார்கள்.

"மகாவ், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்றாரு, இங்கிலீஷ் அகரவரிசைப்படி பாத்தா அனெய்ட்டியம்தான் முன்னாடி வருமாம்."

"பேர் வெச்சவன் அகராதியைப் புரட்டிப் பாத்தா வெச்சான்? தன்னாவுக்குப் பக்கத்துல யாருடா இருக்கா? நாங்க. டி-க்குப் பக்கத்துல யாரு? ஏ. அவங்க எங்கயோ தெக்கால, அடுத்த நாட்டுக்குப் போற வழியில கிடக்காங்க. கடைசி ஏ அவங்களுது."

"அவங்க தீவுக்குள்ள உங்க தீவை இருபது தடவை அடுக்கலாமாமே?"

"அடுக்கிப் பாத்தியா நீ?"

அதற்குள் கவா சிரட்டை கைக்கு வந்துவிடும். குடித்தபின் யாரும் பேசுவதில்லை, ஊர் வழக்கம் அது. அன்றைய வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்படும். அவன் வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், கவாவிலும் அணையாமல்.

ஒரு எழுத்துக்கா ஒரு மனிதன் இப்படி வேகுவான்? இல்லை. அந்த எழுத்துக்குப் பின்னால் நெரியாம் என்றொரு மச்சான் இருந்தான்.

அனிவாவில் ஆறு கிடையாது. மலை கிடையாது. பவளப்பாறைமேல் போர்த்திய மண். வானம் தந்தால் தண்ணீர், தராவிட்டால் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தகரக் கூரையிலிருந்து வழியும் மழை தொட்டியில் சேரும். அப்பா கடலோடு போய், அம்மாவும் காய்ச்சலில் போனபோது மகாவுக்குப் பதினைந்து வயது, தங்கை டோர்க்கஸுக்கு ஏழு. வறட்சி மாதங்களில் காலையில் ஆளுக்கு இரண்டு சிரட்டைத் தண்ணீர் என்று மகாவ்தான் அளப்பான். தன்னுடையதில் பாதியை அவள் சிரட்டையில் ஊற்றிவிட்டு, "எனக்குத் தாகமில்ல" என்பான். அந்தப் பொய்யைத்தான் அவன் வாழ்க்கையில் அதிகமுறை சொல்லியிருக்கிறான். அந்த வறண்ட மண்ணில் கடவுள் கொடுத்த ஒரே சலுகை ஆரஞ்சு. அப்பா நட்ட மரம் வீட்டு வாசலிலேயே நின்றது. அதன் பழம் வாயில் வைத்தால் தண்ணீர்ப் பஞ்சம் மறந்துபோகும்.

பிழைப்புக்காக அண்ணனும் தங்கையும் தன்னாவுக்கு வந்தார்கள். டோர்க்கஸுக்கு இருபத்திரண்டு வயதானபோது அனெய்ட்டியத்திலிருந்து பைன் பலகை ஏற்றிக்கொண்டு நெரியாம் வந்தான். கப்பல் திரும்பிப் போக ஒரு வாரம் ஆயிற்று. அவன் திரும்பிப் போக மூன்று மாதம் ஆயிற்று. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், சிரிக்கும்போது எதிரிலிருப்பவன் தோளில் ஓங்கி அடிக்கிறவன். பெண் கேட்டபோதும் மகாவ் தோளில் அடித்துத்தான் கேட்டான்.

கல்யாணத்துக்கு அவன் ஆட்கள் பன்றி கொண்டுவந்தார்கள், பாய் கொண்டுவந்தார்கள், ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து தொடை பருமனில் விளைந்த சேம்பு கொண்டுவந்தார்கள். எல்லாம் சரிதான். பந்தியில் நெரியாமின் அத்தை ஒருத்தி, நல்ல மனதோடுதான், பெண்ணின் கன்னத்தைத் தடவி ஒன்று சொன்னாள்.

"பாவம் புள்ள. இனிமே இவளுக்குத் தாகமே எடுக்காது."

மகாவ் கையிலெடுத்த கிழங்கைத் திரும்ப இலையில் வைத்தான். வறட்சிதோறும் பாதிச் சிரட்டை ஊற்றியவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல் ஏறும்போது டோர்க்கஸ் அழுதாள். "அண்ணா, வருஷா வருஷம் ஆரஞ்சு பழுக்கிறப்ப நான் அனிவாவுல இருப்பேன். அப்பா மரத்து மேல சத்தியம்."

நான்கு வருடம் சொல்லைக் காப்பாற்றினாள். ஆரஞ்சு பழுக்கும் மாதத்தில் லெனாக்கலில் வந்து இறங்குவாள், அண்ணனைக் கூட்டிக்கொண்டு அனிவா போவாள், இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவாள். ஐந்தாம் வருடம் மகாவ்தான் கெடுத்தான்.

அந்த வருடம் அவன் அனெய்ட்டியத்துக்குப் போனான், ஆரஞ்சு பழுக்க ஒரு மாதம் இருக்கும்போது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அனெய்ட்டியம் எக்கரையிலிருந்து பார்த்தாலும் பச்சைதான், அதுதானே வயிற்றெரிச்சல். மலை, மலைமேல் பைன், பைன் நடுவே மேகம். எதிரே மணல் திட்டில் சுற்றுலாப் பயணிகளின் வெள்ளைக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் அந்நியப் பெண்களுக்குத் தலை பின்னிவிட்டு டோர்க்கஸும் கைநிறையச் சம்பாதித்தாள். இதையெல்லாம்கூட மகாவ் விழுங்கிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடியது. டோர்க்கஸ் முழங்கால் தண்ணீரில் குந்திப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த சட்டியை அலசினாள், இன்னொருமுறை அலசினாள், சும்மா ஒருமுறை அலசினாள்.

"ஏய், தண்ணியை நிறுத்து!" என்று மகாவ் கத்திவிட்டான்.

டோர்க்கஸ் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இது நிக்காது அண்ணா."

நெரியாம் ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், நாங்களும் நூறு வருஷமா சொல்லிப் பாத்துட்டோம். கேக்க மாட்டேங்குது!" தோளில் ஒரு அடி.

அன்றைக்கு மகாவ் சொன்னது சொல்லக் கூடாத சொல். "உனக்கு இனிமே அனிவா எதுக்கு? நீ தாகமில்லாதவ. இங்கயே கிட." மறுநாள் கப்பலில் ஏறிவிட்டான். டோர்க்கஸ் துறைக்கு வரவில்லை.

அந்த வருடம் ஆரஞ்சு பழுத்தது. லெனாக்கலில் டோர்க்கஸ் வந்து இறங்கவில்லை. மகாவ் மூன்று கப்பலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். சத்தியத்தை மறந்துவிட்டாள், ஆற்றில் கழுவிவிட்டாள் என்று முடிவு கட்டினான். அவள் வராத ஊருக்கு நான் மட்டும் எதற்கு என்று அவனும் அனிவாவுக்குப் போகவில்லை. இப்படி ஏழு வருடம். அனிவாவிலிருந்து வருபவர்கள், "உன் தங்கச்சி..." என்று ஆரம்பித்தால், "அவ பேச்சை எடுக்காதே" என்று வாயை அடைத்துவிடுவான். இரண்டு வருடத்தில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அவன் முன்னால் டோர்க்கஸ் என்ற பெயரையே யாரும் சொல்வதில்லை. பைபிளில் வரும் டோர்க்கஸைக்கூடப் பாதிரியார் அவன் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தவிர்த்தார் என்று ஊரில் கேலி.

ஆரஞ்சு மட்டும் தவறாமல் வந்தது. வருடத்துக்கு ஒரு மூட்டை, வாய் தாழை ஓலையால் பின்னலிட்டுக் கட்டியிருக்கும். அனிவாவில் இருக்கும் யோனா சித்தப்பா அனுப்புகிறார் என்று மகாவ் நினைத்துக்கொண்டான். யோனா சித்தப்பா தன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு எலுமிச்சம்பழம்கூட அனுப்பியவர் அல்ல. பொறாமை பிடித்தவனுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது.

அவனுக்கு வேறு வேலை இருந்தது. லெனாக்கல் துறைமுகத்தில் பயணிகள் காத்திருக்கும் கொட்டகையின் சுவரில் மாகாணப் படம் வரைந்தவன் அவன்தான். மேலே டி, ஏ, எஃப், ஈ, ஏ என்று ஆள் உயரத்துக்கு ஐந்து எழுத்து. கீழே நீலக் கடலில் ஐந்து தீவு. முதல் தடவை பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு நேர்மையாகத்தான் வரைந்தான். அனிவா ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது. ஆனால் உப்புக்காற்றும் புயல் மழையும் சுவரை வருடாவருடம் உரித்துவிடும். வருடாவருடம் அவன்தான் புதுப்பிக்கவேண்டும். அனெய்ட்டியத்திலிருந்து கோபத்தோடு திரும்பிய வருடம் அனிவா ஒரு விரற்கடை வளர்ந்தது. தூரிகை தடிமன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுவருடம் இன்னொரு விரற்கடை. வளருகிற தீவுக்கு இடம் வேண்டுமே. அனெய்ட்டியம் கொஞ்சம் ஒதுங்கியது, கொஞ்சம் இளைத்தது.

கொட்டகைக் காவலாள் நாக்கோவுக்கு மட்டும் இது தெரியும். அவன் தன்னாக்காரன், தன்னா குறையாதவரை அவனுக்கு வழக்கில்லை.

"என்ன மகாவ், அனிவா நல்லா சாப்பிடுது போல?"

"உன் வேலையைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இப்படியே போனா அடுத்த வருஷம் இங்கருந்து நடந்தே போயிடலாம். படகுக்காரங்க பொழப்புல மண்ணு."

ஏழாம் வருடம் அனிவா ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது. அனெய்ட்டியம் எலுமிச்சை.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு திங்கட்கிழமை நாக்கோவின் தொலைபேசிக்கு நெரியாம் கூப்பிட்டான். நாக்கோ தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றான்.

"அடிக்க மாட்டேன்னா சொல்றேன். உன் தங்கச்சியும் மச்சானும் வியாழக்கிழமை கப்பல்ல இங்க வர்றாங்க. வெள்ளிக்கிழமை படகுல அனிவா போறாங்களாம். ஆரஞ்சு பழுத்துருச்சாம்."

மகாவ் உடனே தூரிகைகளைத் தேடினான். ஏழு வருடம் கழித்து ஞாபகம் வந்ததா? வரட்டும். வந்து பார்க்கட்டும். அன்று மதியமே வண்ண டப்பாக்களோடு கொட்டகைக்குப் போனவன் புதன்கிழமை சாயங்காலம்வரை கவாவுக்குக்கூட வரவில்லை. அனிவா இன்னும் பருத்து எரோமாங்கோவைத் தொட்டது. அனெய்ட்டியத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொண்டுவந்தான். ஆனாலும் அவனுக்கு ஒரு பழக்கம்: நுணுக்கமாகத் தெரிந்ததை விட்டுவிட்டு வரையக் கை வராது. அந்தக் கொட்டைப்பாக்குக்குள் மலைமுடி, பைன் காடு, மேகம், ஆறு, ஆற்றின் வளைவு, வளைவில் ஒரு வீடு, எதிரே மணல் திட்டு, வெள்ளைக் கப்பல் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

வியாழக்கிழமை கொட்டும் மழையில் கப்பல் வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடிவந்தார்கள். டோர்க்கஸ் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நெரியாமுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அது மகாவுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"மச்சான்!" தோளில் அடி விழுந்தது. பிறகு நெரியாம் சுவரைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், எங்க ஊரு எங்க?"

"கீழ பாரு."

நெரியாம் குனிந்தான். இன்னும் குனிந்தான். "அடப்பாவி! உக்காந்து எந்திரிச்சா ஒட்டிக்கிட்டு வந்துரும் போலயே!" என்று சிரிக்க ஆரம்பித்தவன், சுற்றி நின்றவர்கள் தோளையெல்லாம் அடித்தான். "நாக்கோ, இங்க வாய்யா. உன் மாகாணத்துல ஒரு தீவு காணோம், போலீசுக்குச் சொல்லு!"

கோபப்படுவான் என்று மகாவ் எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் இரண்டு வார்த்தை சூடாகச் சொல்லலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

டோர்க்கஸ் சிரிக்கவில்லை. ஈரத் தலையோடு சுவருக்குப் பக்கத்தில் போய், பூசணிக்காய் அனிவாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கொட்டைப்பாக்கை ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பவும் அனிவாவைப் பார்த்தாள்.

"அண்ணா, எங்க வீட்டு வளைவைக்கூடப் போட்டிருக்க. பாத்திரம் தேய்க்கிற கல்லு இருக்கு. நம்ம ஊருல ஏன் ஒண்ணுமே இல்ல?"

மகாவ் அப்போதுதான் பார்த்தான். அவ்வளவு பெரிய தீவும் வெறும் பச்சை. தொட்டி இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. ஏழு வருடமாக ஊதிப் பெரிதாக்கியதில் ஒரு புள்ளிகூட உள்ளே வைக்கவில்லை.

"அது... காயட்டும்னு விட்டேன். இப்பப் போட்டுடுறேன்" என்று தூரிகையை எடுத்தான். எடுத்த கை நின்றது. தொட்டி எந்தப் பக்கம்? வாசல்பக்கமா, கடல்பக்கமா? கிழக்கா, மேற்கா?

"நீ போய் எத்தனை வருஷமாச்சு?" என்றாள் டோர்க்கஸ்.

அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் மகாவ் சீறினான். "நீ கேக்கிறியா? சத்தியம் பண்ணினவ நீ! மூணு கப்பலுக்கு நின்னேன்டி. ஏழு வருஷம்! அப்பா மரத்து மேல சத்தியம் பண்ணிட்டு, அங்க வெள்ளைக்காரிங்களுக்குப் பின்னல் போட்டுக்கிட்டு..."

"லெனாக்கல்ல இருப்பேன்னா சத்தியம் பண்ணினேன்? அனிவாவுல இருப்பேன்னு பண்ணினேன். இருந்தேன்."

மகாவ் தூரிகையைக் கீழே போட்டான்.

"நீ என்னைத் தாகமில்லாதவன்னு சொன்னப்புறம் உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல. ஃபுத்துனா வழியாப் போற கப்பல்ல போனேன். ஏழு வருஷமும் போனேன். மரத்தடியில உனக்காகத்தான் உக்காந்திருந்தேன். நீ வரல. அதனால பறிச்சு மூட்டை கட்டி அனுப்பினேன்."

"யோனா சித்தப்பா..."

"யோனா சித்தப்பாவா! அந்தாளு கேட்டா வெக்கப்பட்டுச் செத்துருவாரு. பின்னலைப் பாத்தா தெரியல உனக்கு? எத்தனை வருஷம் என் பின்னலைப் பாத்திருக்க?"

பார்த்திருக்கிறான். தாயில்லாத பிள்ளைக்கு முதல் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

"இந்த வருஷம் ஏன் இந்தப் பக்கம் வந்தேன்னு கேளு" என்றாள் அவள், குரல் உடைந்து. "போன புயல்ல அப்பா மரம் விழுந்துருச்சு. அந்தக் குழியில புதுக் கன்னு வெக்கணும். வீட்டு மூத்த பிள்ளை கையாலதான் வெக்கணும்னு சொல்றாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

மகாவ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மரம் விழுந்தது அவனுக்குத் தெரியாது. யாராவது சொல்லவந்திருப்பார்கள், வாயை அடைத்திருப்பான்.

நெரியாம் தொண்டையைச் செருமினான். கீழே கிடந்த தூரிகையை எடுத்து வெள்ளை வண்ணத்தில் தோய்த்தான். பலகை அறுக்கிறவன் கை. கோடு கோணலாகத்தான் வந்தது. ஆனால் யோசிக்காமல் வரைந்தான். கிழக்கே ஒரு சதுரம், தொட்டி. பக்கத்தில் வீடு. கடல்பக்கம் யோனா சித்தப்பாவின் கூரை. வாசலில் விழுந்த மரத்தின் குழி. குழியைச் சுற்றி நிற்கும் சின்ன மரங்களை ஒவ்வொன்றாக வைத்தான்.

"தொட்டி மேற்குலதானே இருந்துச்சு?" என்றான் மகாவ் மெதுவாக.

"அது அஞ்சு வருஷம் முன்னாடி வெடிச்சுருச்சு மச்சான். கிழக்குல புதுசு கட்டினோம். நானும் ரெண்டு கை போட்டேன். தெரியாதா உனக்கு?"

மகாவின் வயிறு எரிந்தது பாருங்கள், ஆற்றைப் பார்த்தபோதுகூட அப்படி எரியவில்லை. மலை இவனுடையது, ஆறு இவனுடையது, தங்கை இவன் வீட்டில், போகட்டும். இப்போது அனிவாவும் இவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தீவுக்குள் நடப்பான் இவன். சொந்த ஊர்க்காரன் சுவரோரம் நின்று வழி கேட்கவேண்டியிருக்கிறது.

"உனக்கு எங்க ஊருல என்ன வேலை?" என்று கேட்டேவிட்டான்.

நெரியாம் முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினான். "என்ன பண்றது? எங்க ஆத்தங்கரையில ஒம்பது ஆரஞ்சுக் கன்னு வெச்சா இவ. தண்ணிக்கா பஞ்சம்? பழுத்துச்சு. ஒவ்வொண்ணா உரிச்சு வாயில போட்டுட்டுத் துப்புறா. 'எங்க அண்ணன் பறிச்சுக் குடுக்கிற மாதிரி இல்ல'ங்கிறா. பழுத்த வருஷமெல்லாம் நான் பறிச்சுக் குடுத்தேன், ஒரு பழத்தை முழுசா முழுங்கல. ஒருநாள் ஆத்திரத்துல ஒம்பதையும் வெட்டிட்டேன். அதுலருந்து பழத்துக்கு இவளோட அனிவாதான் வரவேண்டியிருக்கு. எனக்கு மட்டும் வயிறு இல்லையா மச்சான்?"

டோர்க்கஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாக்கோ, கேட்கக் கூடாததைக் கேட்டவன்போல வெளியே மழையைப் பார்த்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மகாவ் ஒரு பையோடு துறைக்கு வந்தான். படகு புறப்படுமுன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். பூசணிக்காய் நடுவே நெரியாமின் கோணல் தொட்டி, கோணல் வீடு, கோணல் மரங்கள். அழித்துத் திருத்தக் கை துடித்தது. எது எங்கே என்று தெரிந்தபிறகல்லவா திருத்துவது.

படகில் அவன் அருகே வந்து உட்கார்ந்த நெரியாமிடம், எங்கோ பார்த்துக்கொண்டு மகாவ் சொன்னான். "சரி, முதல் ஏ-யை நீயே வெச்சுக்க. எங்களுக்குக் கடைசி ஏ போதும்."

பன்னிரண்டு வருட வழக்கு. எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்திருப்பான்! நெரியாம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஓங்கி ஒரு அடி விழுந்தது தோளில்.

"எனக்கெதுக்கு மச்சான் ஒண்ணு? நான் ரெண்டு ஏ-லயும் இருக்கேன்."

மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து இறங்கிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எதிரே டோர்க்கஸ் ஆரஞ்சுக் கன்றை மடியில் வைத்து, வேரைச் சுற்றிய ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு சிரட்டையில் தண்ணீர் ஊற்றினாள். பாதியைக் குடித்தாள். மீதியை அண்ணனிடம் நீட்டினாள்.

"எனக்குத் தாகமில்ல" என்று சொல்ல வாயெடுத்தவன், வாங்கிக் குடித்தான்.